பழைய கேம் ஆட எது நேர்மையான வழி: பழைய பெட்டியா, மறுவெளியீடா, ரோமா, சொந்த டிஸ்க்கா?

பிஎஸ்2, அதாவது சோனியின் பிளேஸ்டேஷன் 2 கன்சோல், ஓடிய காலத்து கேம்களை இன்றைக்கு ஆட வேண்டுமென்றால் நாலு வழி இருக்கிறது. பழைய கன்சோலையே தேடிப்பிடித்து வாங்கலாம். கம்பெனி திரும்ப விற்கும் பதிப்பை வாங்கலாம். இணையத்தில் கிடைக்கும் ரோமை, அதாவது கேமின் நகல் கோப்பை, இறக்கிக்கொள்ளலாம், அல்லது ஆயிரக்கணக்கில் கேம் ஏற்றி விற்கும் கையடக்கப் பெட்டியை வாங்கலாம், இரண்டும் ஒன்றுதான். கடைசியாக, ஒரிஜினல் டிஸ்க்கை வாங்கி நாமே கம்ப்யூட்டரில் நகலெடுத்து எமுலேட்டரில் ஆடலாம். நான் இந்தக் கடைசி வழிக்குத்தான் வந்து சேர்ந்தேன், அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். படம் எதில் பளிச்சென்று தெரியும், பட்டன் எதில் தாமதமாக வேலை செய்யும் என்பதையெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது ஒன்றுதான்: நாம் ஆடும் பிரதி எங்கிருந்து வந்தது?

எமுலேட்டர் வேறு, ரோம் வேறு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிச் சண்டை இந்தக் குழப்பத்தில்தான் நடக்கிறது. எமுலேட்டர் என்பது பழைய கன்சோலைப் போல நடந்துகொள்ளும் மென்பொருள், அதற்குள் கேம் எதுவும் கிடையாது. அமெரிக்காவில் கனெக்டிக்ஸ் என்ற கம்பெனி மீது சோனி வழக்குப் போட்டபோது, பிளேஸ்டேஷனைத் தொடங்கி இயக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸைப் பிரித்துப் படித்து அதேபோல இயங்கும் ஒன்றைச் சொந்தமாக எழுதியது நியாயமான பயன்பாடுதான் என்று 2000ஆம் ஆண்டிலேயே மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2018இல் சோனி விற்ற பிளேஸ்டேஷன் கிளாசிக் பெட்டிக்குள்ளேயே ஓடியது வெளியாட்கள் எழுதிய ஓப்பன் சோர்ஸ் எமுலேட்டர்தான். அப்படியானால் 2024 மார்ச்சில், ஸ்விட்ச் கன்சோலுக்கு எமுலேட்டர் எழுதிய யூசு குழு நிண்டெண்டோவுக்கு 24 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு கடையை மூடியதே என்று கேட்பீர்கள். அது அன்றைக்கு விற்பனையில் இருந்த ஸ்விட்ச் கேம்களின் நகல் தடுப்புப் பூட்டை உடைப்பது பற்றிய வழக்கு, விசாரணைக்குப் போகாமல் சமரசத்தில் முடிந்தது. இருபது வருடப் பழைய பிஎஸ்2வை அதோடு சேர்த்துப் பார்க்கக் கூடாது.

சரி, பழைய கன்சோல். சட்டப்படி இதைவிடச் சுத்தமான வழி கிடையாது. ஆனால் நான் இருப்பது தண்டையார்பேட்டை. கடல் காற்று ஜன்னல் கம்பியையே அரித்துத் தின்னும் இடத்தில் அவ்வளவு பழைய லென்ஸ் எத்தனை நாள் தாங்கும்? டிஸ்க்கைப் போட்டால் உள்ளே டக் டக் என்று தேடிப் பார்த்துவிட்டு, பிளேஸ்டேஷன் டிஸ்க்கைப் போடு என்று சிவப்புத் திரை வந்து நிற்கும். லென்ஸ் மாற்றித் தருபவர்களும் குறைந்துவிட்டார்கள். இன்னொன்று, நம் பக்கம் கைமாறும் பிஎஸ்2க்களில் நிறைய, வண்ணாரப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் மணிக்கணக்குக்குக் காசு வாங்கி ஆடவிட்ட கேம் சென்டர்களில் ஓடியவை, நகல் டிஸ்க்கும் ஓடும்படி சிப் போட்டவை. கூடவே ஒரு கட்டு டிஸ்க்கும் தருவார்கள், எல்லாம் எரித்த டிஸ்க், அதாவது கம்ப்யூட்டரில் நகலெடுத்த திருட்டுப் பிரதி. அதைப் போட்டு ஆடினால் சுத்தமான வழி என்ற பெருமையும் போச்சு.

மறுவெளியீட்டைப் பற்றி நீட்டி முழக்க எதுவுமில்லை. வேண்டிய கேம் இன்றைக்கு விற்பனையில் இருக்கிறதென்றால் வாங்கிவிடுங்கள், அதுதான் நியாயம். கான்ட்ராவுக்காக நான் செய்தது அதுதான், கொனாமி 2019இல் ஸ்டீமில் விட்ட கான்ட்ரா ஆனிவர்சரி கலெக்‌ஷனை வாங்கினேன். சோனியின் சந்தா சேவையான பிஎஸ் பிளஸ் டீலக்ஸில் பழைய கேம்கள் வருகின்றன, அதை நண்பன் வீட்டில் கொஞ்சம் ஆடியதோடு சரி, அதனால் உறுதியாக எதுவும் சொல்ல மாட்டேன். இந்த வழியில் எனக்குள்ள குறை, கம்பெனி எதை விற்கிறதோ அதுதான் நமக்குக் கிடைக்கும், அதுவும் அவர்கள் விற்கும்வரைதான். 2024 டிசம்பரில் சேகா தன் பழைய மெகா டிரைவ் தொகுப்பைக் கடையிலிருந்து எடுத்துவிட்டது. ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸின் ஸ்டீம் பதிப்பில் 2014இல் சில பாட்டுகள் காணாமல் போயின, பாட்டுக்கான உரிமம் முடிந்துவிட்டதாம்.

அப்புறம் நம்மூர்ப் பையன்கள் உயிரை விட்டு ஆடிய ஸ்மேக்டவுன் ஹியர் கம்ஸ் தி பெயின் இருக்கிறதே, 2003இல் வந்தது, அதை இன்று எந்தக் கடையிலும் புதிதாக வாங்க முடியாது. வெளியிட்ட டிஎச்க்யூ கம்பெனி 2012 டிசம்பரில் திவால் மனு கொடுத்தது, மல்யுத்த கேம் உரிமம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டது, அதிலுள்ள வீரர்களின் முகத்துக்கும் பெயருக்கும் தனித்தனியாக அனுமதி வேண்டும். யார் திரும்ப வெளியிடுவார்கள்? இது ஏதோ ஒரு கேமின் தலையெழுத்து என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 2010க்கு முன் வெளிவந்த கேம்களில் 87 சதவீதம் விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் ஆய்வு வெளியிட்டது.

அப்படியானால் ரோமை இறக்கிக்கொள்ள வேண்டியதுதானே என்பீர்கள். இங்கேதான் நான் நின்றுவிடுகிறேன். விற்பனையில் இல்லை என்பதால் பதிப்புரிமை போய்விடாது. இந்தியச் சட்டப்படி அது அறுபது ஆண்டுக்குக் குறைந்து முடியாது, 1985இல் வந்த சூப்பர் மேரியோவுக்கே இன்னும் பல வருடம் பாக்கி இருக்கிறது. 24 மணி நேரத்துக்குள் அழித்துவிட்டால் குற்றமில்லை என்று ரோம் தளங்களில் எழுதியிருப்பார்கள், அப்படி ஒரு விதி எந்தச் சட்டத்திலும் கிடையாது. சின்ன வயதில் கேசட் வாங்கியவன்தானே நான், எனக்கு உரிமை உண்டு என்பது இன்னொரு வாதம். நாம் வாங்கிய அந்த 9999 இன் 1 கேசட்டைத் திறந்து பார்த்தால் உள்ளே பச்சைப் பலகையில் தார் சொட்டியதுபோல ஒரு கறுப்புப் பொட்டு இருக்கும், அவ்வளவுதான் சரக்கு. அதுவே திருட்டுப் பிரதி, அதை வைத்து எந்த உரிமையும் கேட்க முடியாது. பர்மா பஜார் வரிசையிலும் ஆன்லைனிலும் இன்று விற்கும் கையடக்கப் பெட்டிகளில் ஏற்றிய கேம்களும் இதே கதைதான். அதில் எனக்கு இன்னும் கோபம் வரும், ஏனென்றால் அங்கே ஒருவர் கேமை உருவாக்கியவருக்கு ஒரு பைசா தராமல் லாபம் பார்க்கிறார்.

சொந்த டிஸ்க்குக்கு மட்டும் சட்டம் வேறு மாதிரி பேசுகிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 52ஆம் பிரிவு, எதெல்லாம் மீறல் ஆகாது என்று பட்டியல் போடுகிறது. அதில் ஒன்று, தான் சட்டப்படி பெற்ற பிரதியிலிருந்து, வியாபாரம் இல்லாத சொந்தப் பயன்பாட்டுக்கு, கம்ப்யூட்டர் புரோகிராமை நகலெடுப்பது. பூட்டை உடைப்பதைப் பற்றிய 65ஏ பிரிவு 2012 திருத்தத்தில் வந்தது, அதுவும் உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைப்பதைத்தான் தண்டிக்கிறது. அமெரிக்கச் சட்டம் அப்படியில்லை, அங்கே பூட்டை உடைப்பதே பெரும்பாலும் தவறு, அதனால் அங்குள்ளவர்கள் எழுதுவதைப் படித்துவிட்டு நாமும் அதே பயத்தில் இருக்கத் தேவையில்லை. நான் வக்கீல் இல்லை, இது சட்டத்தைப் படித்து நான் புரிந்துகொண்டது. ஆனால் அந்த வாசகத்தில் எல்லாமே "சட்டப்படி பெற்ற பிரதி" என்பதில்தான் தொங்குகிறது, அதனால்தான் பிரதி எங்கிருந்து வந்தது என்று திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

அதைக் கையில் பிடித்தே சோதித்துவிடலாம். டிஸ்க்கைத் திருப்பி வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். எரித்த டிவிடி ஊதா கலந்து மினுங்கும், ஒரிஜினல் பிஎஸ்2 டிவிடி வெறும் வெள்ளி நிறம், சிடியில் வந்த சில கேம்கள் மட்டும் நீலம். நடு ஓட்டையைச் சுற்றியுள்ள உள்வட்டத்தில் ஐஎஃப்பிஐ என்று தொடங்கும் நுணுக்கமான குறியீடு அச்சாகியிருக்கும். லேசான கீறல் இருந்தால் பரவாயில்லை, லேபிள் பக்கம் உரிந்திருந்தால் வேண்டாம். பிஎஸ்2 டிஸ்க்கைச் சாதாரண டிவிடி டிரைவே படிக்கும், நான் யுஎஸ்பியில் செருகும் ஒன்றைத்தான் வைத்திருக்கிறேன். இம்க்பர்ன் என்ற மென்பொருளில் ஐஎஸ்ஓவாக, அதாவது முழு டிஸ்க்கின் நகல் கோப்பாக எடுத்து, நகல் பிசகாமல் வந்ததா என்று காட்டும் செக்சம் எண்ணை, ஒரிஜினல் டிஸ்க்குகளின் எண்களைத் தொகுத்திருக்கும் ரீடம்ப் தளத்தின் பட்டியலோடு ஒத்துப் பார்த்து, பொருந்தினால் பிசிஎஸ்எக்ஸ்2 என்ற பிஎஸ்2 எமுலேட்டரில் போட்டு ஆட வேண்டியதுதான். ஒருமுறை எடுத்துவிட்டால் டிஸ்க்கை எண்ணெய்க் கையால் தொடுகிற வேலையே இல்லை. கேட்ரிட்ஜை நகலெடுக்கும் கருவி எனக்குப் பழக்கமில்லை, அதனால் சூப்பர் நிண்டெண்டோ மாதிரி கன்சோல்களுக்கு இந்த வழி எவ்வளவு சுலபம் என்று என்னால் சொல்ல முடியாது.

பலர் கோட்டை விடுவது பயாஸில். பிசிஎஸ்எக்ஸ்2 ஓட சோனியின் பயாஸ் வேண்டும், அது சோனியின் சொத்து, எமுலேட்டரோடு வராது. டிஸ்க்கை ஒழுங்காக வாங்கிவிட்டு பயாஸை மட்டும் எங்கிருந்தோ இறக்கினால் பட்டபாடு வீண். லென்ஸ் செத்த பிஎஸ்2 ஒன்றை மலிவாக வாங்குங்கள். மெமரி கார்டிலிருந்தே வெளி மென்பொருளை ஓடவிடும் ஃப்ரீ மெக்பூட் ஏற்றிய மெமரி கார்டைச் செருகினால், கடைசியாக வந்த சில ஸ்லிம் மாடல்கள் தவிர மற்றவற்றில் டிஸ்க் இல்லாமலே பயாஸை எடுத்துவிடலாம், அதை பென் டிரைவில் போட்டுக்கொள்ளலாம். காயலான் கடைக்குப் போக வேண்டிய பெட்டிக்கு இப்படியும் ஒரு வேலை இருக்கிறது.

பழைய டிஸ்க் வாங்கினால் மட்டும் கேமை எழுதியவருக்குக் காசு போகிறதா என்று தம்பி கேட்டான். போகவில்லை. ஆனால் அந்த டிஸ்க்குக்கு முதலில் ஒருவர் காசு கொடுத்திருக்கிறார், அந்த ஒரு பிரதி இப்போது என்னிடம் இருக்கிறது, அவரிடம் இல்லை. டிஸ்க்கை விற்றால் நகலையும் அழித்துவிட வேண்டும் என்பதில் நான் கறாராக இருக்கிறேன். ஐஎஸ்ஓவை அனுப்பு மச்சான் என்று கேட்பவர்களுக்கு அனுப்புவதில்லை, வீட்டுக்கு வா, சேர்ந்து ஆடலாம் என்பேன்.

டிஸ்க்கும் கிடைக்காது, கடையிலும் கிடையாது என்றால்? ஜப்பானில் மட்டும் வந்த கேம்கள் இந்த ரகம். நான் இறக்கவில்லை. இறக்கி ஆடுபவரைத் திருடன் என்று சொல்ல எனக்கு வாய் வராது, ஆனால் சட்டம் இடம் கொடுக்கிறது என்று அவர் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1954ஆம் ஆண்டின் சட்டப்படி இங்கே வெளியாகும் புத்தகத்தில் ஒரு பிரதி எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போகிறது. கேமுக்கு அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. அமெரிக்காவில் நூலகங்கள் பழைய கேம்களைத் தொலைவிலிருந்து ஆராய்ச்சியாளர்களுக்குத் தர அனுமதி கேட்டதற்கே அங்குள்ள பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் முடியாது என்று சொல்லிவிட்டது. ஆகவே ராயபுரமோ பெரம்பூரோ, மூடிய கேம் சென்டர் சாமான் ஏதாவது விலைக்கு வந்தால், அந்த எரித்த டிஸ்க் கட்டுக்குள் வெள்ளி நிறத்தில் ஒன்றிரண்டு இருக்கிறதா என்று பொறுமையாகப் பிரித்துப் பாருங்கள்.