ஷாஃப்டைக் கழற்றப் போனேன், எண்ணெய் மாற்றி வந்தேன்

எங்கள் ஈசூன் புளோக்கின் பலமாடிக் கார்நிறுத்துமிடத்தில் ஐந்தாம் மாடிக்கு ஏறும்போதுதான் அந்தச் சத்தம் வரும். ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துத் திரும்பினால் காரின் பின்பக்கம், அடியிலிருந்து ஓர் உறுமல், கூடவே ஓர் அதிர்வு. காலையில் இறங்கும்போது இருக்காது. வேலை முடிந்து நாற்பது நிமிடம் ஓட்டி, எல்லாம் சூடேறி வந்தால் ஒவ்வொரு வளைவிலும் கேட்கும். பின்சீட்டில் இருக்கும் மகள், “அப்பா, மறுபடியும் மாடு கத்துது” என்பாள்.

கார் 2010இல் பதிவான ஹோண்டா சிஆர்-வி, நான்கு சக்கர ஓட்டம் உள்ளது. 2020இல் சிஓஇயை, அதாவது கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழை, பத்து ஆண்டுகளுக்குப் புதுப்பித்துவிட்டேன். பதினான்கு வயதைத் தாண்டிய காருக்குச் சாலை வரியில் 50 விழுக்காடு கூடுதல், போதாததற்கு ஆண்டுதோறும் பரிசோதனை. பெட்ரோல் லிட்டர் 3 வெள்ளிக்குப் பக்கம். அதனால் முதலில் போன ஒர்க்‌ஷாப்பில், “பின்னால் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிடலாம். முன் இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கும், சத்தம் போயிடும், பெட்ரோலும் மிச்சம்” என்று சொன்னபோது எனக்குச் சரியாகத்தான் பட்டது. முன்னாலிருந்து பின் சக்கரங்களுக்கு இழுவையைக் கொண்டுபோகும் நீளமான தண்டுதான் அந்த ஷாஃப்ட். சிங்கப்பூரில் சேறு எங்கே இருக்கிறது?

அன்றே செய்துகொள்ள நேரமில்லை. அந்த வாரமே ஒரு நண்பர், காக்கி புக்கிட்டில் இருக்கும் வேறொரு ஒர்க்‌ஷாப்பைக் காட்டிவிட்டார். ஒரு லிஃப்ட், ஓர் உதவியாளர், அறுபது வயதைத் தாண்டிய ஈப்போக்காரர் ஒருவர், அவ்வளவுதான் கடை. இருக்கும் வேலையே அதிகம், பெயரைப் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டதால் போடவில்லை.

நான் போனதும், “அண்ணே, ஷாஃப்டைக் கழற்றணும், டூவீலா ஓடணும்” என்றேன். அவர் ஸ்பேனரை எடுக்கவில்லை. “தம்பி, இந்த வண்டியை எங்கெல்லாம் கொண்டு போறீங்க?” என்று கேட்டார். முதல் ஒர்க்‌ஷாப்பில் யாரும் என்னிடம் இதைக் கேட்கவில்லை. வேலைக்கு, மகள் பள்ளிக்கு, தேக்காவுக்கு என்று சொல்லிக்கொண்டே வந்து, ஆண்டுக்கு மூன்று நான்கு தடவை மலேசியாவில், குளுவாங்கில் இருக்கும் மனைவியின் மாமா வீட்டுக்கு என்றேன். மாமா வீடு செம்பனைத் தோட்டத்துக்குள், கடைசி இரண்டு கிலோமீட்டர் செம்மண் பாதை. “மழை நேரத்திலயுமா?” என்றார். தீபாவளிக்குப் போவோமே, அப்போது மழைதானே என்றேன். தலையை ஆட்டிவிட்டு டயரின் பள்ளத்தை அளக்கும் சின்னக் கருவியை எடுத்துக்கொண்டு குனிந்தார்.

முன் டயர்களில் பள்ளம் 3 மில்லிமீட்டர். பின் டயர்களில் 8. நான்கு மாதத்துக்கு முன் இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கியிருந்தேன், கடையில் வழக்கப்படி பின்னால் போட்டுவிட்டார்கள். சாதாரணக் காருக்கு அதுதான் பாதுகாப்பு. என் காருக்கு அதில் வேறு ஒரு விளைவு இருக்கிறது. தேய்ந்த டயர் சிறியது, ஒரே தூரத்துக்கு அதிகம் சுற்ற வேண்டும். வீட்டுக்கு வந்து என் டயரின் 225/65 ஆர்17 அளவுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஒரு கிலோமீட்டருக்கு முன் சக்கரம் ஏறக்குறைய ஆறு சுற்று கூடுதலாகச் சுற்றியிருக்கிறது.

அது ஏன் முக்கியம் என்பதை அண்ணன் ஒரு பழைய டிஃபரன்ஷியலை (இழுவையைச் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) மேசையில் வைத்துக் காட்டினார். என் தலைமுறை சிஆர்-வியில் நான்கு சக்கர ஓட்டத்துக்குச் சுவிட்சும் கிடையாது, கணினியும் கிடையாது. பின் டிஃபரன்ஷியலுக்குள் இரண்டு எண்ணெய்ப் பம்ப்கள். ஒன்றை முன்னாலிருந்து வரும் ஷாஃப்ட் சுற்றுகிறது, இன்னொன்றைப் பின் சக்கரங்கள் சுற்றுகின்றன. இரண்டும் ஒரே வேகத்தில் போனால் எண்ணெய் ஒன்றிலிருந்து மற்றதற்குச் சும்மா சுற்றிவரும். முன் சக்கரம் வழுக்கினால் முன் பம்ப் முந்தும், அழுத்தம் ஏறும், அந்த அழுத்தம் கிளச்சை நெருக்கிப் பின் சக்கரத்துக்கும் இழுவையைக் கொடுக்கும். முன் டயர் சிறியதாக இருந்தால் முன் பம்ப் எப்போதும் கொஞ்சம் முந்திக்கொண்டே இருக்கும். திருப்பத்தில் வேக வித்தியாசம் இன்னும் கூடும். எண்ணெய் பழசாகி வழுவழுப்பு போயிருந்தால் கிளச் தகடுகள் பிடித்துப் பிடித்து விடும். அதுதான் மாடு கத்துவது.

“அப்போ கழற்றிட்டா?” என்று விடாமல் கேட்டேன். அவர் மழுப்பவில்லை. என் வண்டியில் ஷாஃப்டின் இரண்டு முனையும் போல்ட்தான், கழற்றினால் எண்ணெய் ஒழுகாது, முன் சக்கரத்தில் ஓடவும் ஓடும் என்று ஒப்புக்கொண்டார். எல்லா வண்டியிலும் அப்படி இல்லையாம். நடுவிலும் டிஃபரன்ஷியல் வைத்த நிரந்தர நான்கு சக்கர வண்டியில் ஒரு பக்க ஷாஃப்டைக் கழற்றினால் இழுவை எல்லாம் அந்தத் திறந்த பக்கமாகவே ஓடிவிடும், வண்டி நகராது, அல்லது நடுவில் இருக்கும் விஸ்கஸ் கப்ளிங் (கெட்டித் திரவத்தால் இழுவையைக் கடத்தும் இணைப்பு) சூடாகிக் கெடும். சுசூகி ஜிம்னி மாதிரி வண்டியில் கழற்ற வேண்டிய தேவையே இல்லை, லிவரை 2எச்சில் (இரு சக்கர ஓட்டம்) போட்டால் முடிந்தது. காய்ந்த தார்ச்சாலையில் அதை 4எச்சில் (நான்கு சக்கர ஓட்டம்) ஓட்டத்தான் கூடாது. கணினி வைத்த புது வண்டிகளில் சிலர் ஃபியூஸைப் பிடுங்குவார்கள். அப்படிச் செய்தால் எச்சரிக்கை விளக்கு எரியும், சில கார்களில் வழுக்கல் கட்டுப்பாடும் சேர்ந்து நின்றுவிடும். “கழற்றத்தான் வேணும்னா கழற்றித் தர்றேன். ஆனா முதல்ல நிலப் போக்குவரத்து ஆணையத்துல கேளுங்க, இன்சூரன்ஸ்லயும் சொல்லுங்க. அதுக்கு முன்னாடி எண்ணெயை மாத்திப் பாத்திடுவோம்” என்றார்.

வேலை செய்த விதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். காரை லிஃப்டில் ஏற்றியதும் முதலில் எண்ணெய் ஊற்றும் பிளக்கைத்தான் திறந்தார், வடிக்கும் பிளக்கை அல்ல. பழைய எண்ணெயை வடித்த பிறகு மேல் பிளக் இறுகிக்கிடந்து திறக்காமல் போனால் காரை நகர்த்த முடியாது. இவ்வளவு எளிய முன்யோசனையை எத்தனை இடத்தில் பார்த்திருக்கிறோம்? வடிந்த எண்ணெய் கறுப்பாக, கருகிய வாசனையோடு இருந்தது. ஹோண்டாவின் டூயல் பம்ப் எண்ணெயைத்தான் ஊற்றினார், அளவு ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் கூட. சாதாரண கியர் எண்ணெய் இதில் ஆகாது என்று சொல்லி டப்பாவையும் என் கையில் கொடுத்தார். வாஷர் இரண்டும் புதிது. பிறகு ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக இரண்டு பக்கமும் வட்டமடித்தார், திரும்ப வந்து அதையும் வடித்துவிட்டு இரண்டாவது முறை ஊற்றினார். எல்லாம் சேர்த்து 160 வெள்ளி. முன்னாலும் அதே ரக டயர் இரண்டு போடச் சொன்னார், அதை வேறு கடையில் போட்டுக்கொண்டேன்.

பெட்ரோல் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நான் மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுகிறேன், லிட்டருக்குப் பத்து. ஷாஃப்டைக் கழற்றினால் 5 விழுக்காடு மிச்சம் என்று தாராளமாக வைத்தாலும் மாதம் ஐந்து லிட்டர், 15 வெள்ளி. அதற்காக நான் விட்டுக்கொடுக்கப் பார்த்தது என்ன என்று தீபாவளிக்கு முந்தின நாள்தான் உறைத்தது. குளுவாங்கில் மாலையிலிருந்தே கொட்டோ கொட்டென்று மழை. தோட்டத்துக்குள் ஒரு சின்ன ஏற்றத்தில் முன் சக்கரங்கள் சேற்றில் சுழன்றன. ஒரு நொடி. அப்புறம் பின்னாலிருந்து ஒரு தள்ளு, கார் மேலே வந்துவிட்டது. மாமா டார்ச் லைட்டோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார், டிராக்டரை அனுப்பலாமா என்று கேட்கத்தான் போனைக் கையில் எடுத்தாராம்.

குறைகளும் உண்டு. முன்பதிவு கிடையாது, நான் இரண்டரை மணி நேரம் காத்திருந்தேன். உட்கார ஒரே ஒரு நாற்காலி. ரசீதைக் கேட்டு வாங்க வேண்டும், அதிலும் விவரம் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. அவசரமாக இருப்பவர்களுக்கு இந்த இடம் சரிவராது.

ஷாஃப்டின் நடுவில் தாங்கும் பேரிங்கின் ரப்பரில் லேசான வெடிப்பு இருப்பதைக் காட்டி, “இப்போ மாத்த வேணாம், அடுத்த பரிசோதனைக்கு முன்னாடி கொண்டு வாங்க” என்றார். அடுத்த மாதம் போகிறேன். ஐந்தாம் மாடி வரை இப்போது சத்தமில்லை.