பாடப் பின்னூட்டத்துக்குக் கூகுள் ஃபார்ம்ஸ்: மூன்று பருவங்கள் பயன்படுத்திய பின்

தேசியத் தர மதிப்பீட்டுக் குழுவான நாக் நடத்தும் மாணவர் மனநிறைவுக் கணக்கெடுப்பில் கொள்குறி வினாக்கள் 20, எழுதி விடையளிக்கும் வினா 1. எங்கள் கல்லூரியின் பருவ இறுதிப் படிவமும் அதே அச்சில் வார்த்ததுதான். தாளில் வாங்கிய காலத்தில் அறுபது பேரின் விடைகளைக் கூட்டிச் சராசரி காண்பதற்கே ஒரு வாரம் போய்விடும். இணையத்தில் வினாப் படிவம் அமைத்து விடை வாங்கும் கருவியான கூகுள் ஃபார்ம்ஸுக்கு மாறிய பின், கடைசி மாணவர் விடையை அனுப்பியதுமே வரைபடம் கண்முன் நிற்கிறது. தமிழில் எழுதிய கருத்துகளும் எழுத்துச் சிதையாமல் விரிதாளுக்கு வந்துசேர்கின்றன. கட்டணமும் இல்லை.

ஆனால், ஐந்துக்கு நான்கு என்று வரும் சராசரி, எந்த இடத்தில் மாணவர் தடுமாறினார் என்பதைச் சொல்வதில்லை. ஆகவே சென்ற பருவத்தின் ஆறாம் வாரத்திலேயே, எது புரிந்தது, எது புரியவில்லை, எதை மாற்ற வேண்டும் என மூன்றே வினாக்கள் கொண்ட தனிப் படிவம் ஒன்றை அனுப்பினேன். நான் எடுக்கும் புள்ளியியல் பாடத்தில் கருதுகோள் சோதனை என்னும் பகுதியை வேகமாக நடத்திவிட்டதாகவும், பயிற்சிக் கணக்குகள் தேர்வு நெருங்கும்போதுதான் கைக்கு வருவதாகவும் பலர் எழுதியிருந்தனர். முதலாவது எனக்குச் சற்றுச் சுருக்கென்றுதான் இருந்தது. இருப்பினும் அடுத்த வகுப்பில் அவற்றை வாசித்துக் காட்டி, வெள்ளிக்கிழமைதோறும் ஒரு மணி நேரத்தைக் கணக்குகளுக்கே ஒதுக்கினேன். இறுதிப் படிவத்தின் பலன் அடுத்த ஆண்டு வருபவருக்குத்தான் போய்ச் சேரும். இந்தப் படிவத்தின் பலன் எழுதியவர்களுக்கே கிடைத்தது.

அடையாள மறைப்பில்தான் இக்கருவியை எச்சரிக்கையோடு கையாள வேண்டும். ஒருவர் ஒருமுறை மட்டுமே விடையளிக்கலாம் என அமைத்தால் மாணவர் தம் கூகுள் கணக்கில் நுழைந்தாக வேண்டும். மின்னஞ்சல் சேகரிப்பை அணைத்து வைத்தால் அவருடைய முகவரி ஆசிரியருக்குத் தெரியாது என்பது உண்மையே. ஆயினும் உள்மதிப்பீட்டு மதிப்பெண் யார் கையில் இருக்கிறது என்பதை நன்கறிந்த மாணவர், நுழைவுப் பக்கத்தைக் கண்டவுடனேயே எல்லாவற்றுக்கும் 'மிக நன்று' என்று தட்டிவிட்டுப் போய்விடுகிறார். அக்கட்டுப்பாட்டை நீக்கினால் ஒருவரே பலமுறை அனுப்ப முடியும்; மூன்று வினாப் படிவத்துக்கு அதனால் பெரிய கேடில்லை என்பதால் நான் நீக்கிவிட்டேன்.

விடை வந்த நேரம் விரிதாளில் தானாகவே பதிவாகிறது. அறுபது பேர் வகுப்பில் இது பொருட்டன்று. பன்னிரண்டு பேர் மட்டுமே உள்ள முதுகலை வகுப்பிலோ யார் எப்போது கைபேசியை எடுத்தார் என்பது கண்ணில் படாமல் போகாது. அவர்களுக்கு மட்டும் பெயரெழுதாத துண்டுத்தாளையே இன்னும் கொடுத்து வருகிறேன்.