34 நாள், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி: பச்சிளங்குழந்தை வார்டு பற்றி ஒரு விமர்சனம்

காவேரிப்பட்டினம் பக்கம் ஒரு எடை மேடையில் எனக்கு வேலை. மாங்காய் சீசனில் ராத்திரி பகல் பார்க்காமல் வண்டி வரும். கூழ் ஃபேக்டரிக்குப் போகிற பெங்களூரா மாங்காய் பத்து டன், பன்னிரண்டு டன் என்று ஏறும். மொத்த எடை, காலி வண்டி எடை, கழித்தால் சரக்கு எடை. சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த வண்டி. எங்கள் மேடை பத்து கிலோவுக்குக் கீழே எதையும் கண்டுகொள்ளாது. அப்படிப்பட்டவனிடம் போன ஜூன் மாதம் ஒரு சிஸ்டர் வந்து, "பொம்பளைப் பிள்ளை, 1,340 கிராம்" என்றார். அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்றே எனக்குப் பிடிபடவில்லை.

அந்தப் பிள்ளை 34 நாள் இருந்த அரசு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவைப் பற்றித்தான் இது. பிரியாணிக் கடைக்கும் செல்போனுக்கும் பக்கம் பக்கமாக எழுதுகிறோம், இதற்கு எழுதினால் என்ன? கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டத்துக்காரர்களும் போய்வருகிற இடம். குறையும் சொல்லப் போவதால் பெயரைப் போடவில்லை. அங்கே வேலை செய்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் மனைவி கோமதிக்கு 31-வது வாரத்தில் பிரஷர் ஏறிவிட்டது. முதலில் போன நர்சிங் ஹோமில், "பிள்ளையை வைக்க இங்கே இன்குபேட்டர் பெட்டி இல்லை, முன்பணம் கட்டினால் வேறு ஊரில் பேசிப் பார்க்கிறோம்" என்றார்கள். 108-ஐக் கூப்பிட்டு நேராக அரசு மருத்துவமனைக்கே போய்விட்டோம். போனதும் கோமதிக்கு ஊசி போட ஆரம்பித்தார்கள். 12 மணி நேரத்துக்கு ஒன்று, மொத்தம் நான்கு, டெக்ஸாமெத்தசோன். பிரஷருக்கு என்று நினைத்திருந்தேன். பிள்ளையின் நுரையீரல் சீக்கிரம் பழுக்க வேண்டும் என்பதற்காம். 1972-லேயே நியூசிலாந்தில் லிக்கின்ஸ், ஹோவி என்ற இரண்டு டாக்டர்கள் காட்டிய வழி இது. நம்மைப் போன்ற நாடுகளில் இது பலிக்குமா என்று பிறகு சந்தேகம் வந்து, இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், கென்யா, நைஜீரியா ஐந்து நாட்டில் பரிசோதித்துப் பார்த்து, பலிக்கிறது என்று 2020-ல் முடிவு வெளியிட்டார்கள். ராத்திரி ஷிப்டில் வண்டி வராத நேரத்தில் போனில் படித்துத் தெரிந்துகொண்டது இதெல்லாம். புரியாததை வார்டில் இருந்த சின்ன டாக்டரம்மாவிடம் கேட்பேன். அவர்களும் சலிக்காமல் சொன்னார்கள்.

மூன்றாம் நாள் ஆபரேஷன். பிள்ளை நேராக வார்டுக்குப் போய்விட்டது.

உள்ளே இருந்த சாமான்களுக்கு நான் முழு மார்க் போடுகிறேன். முதல் நான்கு நாள் மூக்கில் சின்னக் குழாய். அதன் இன்னொரு முனை ஒரு தண்ணீர் பாட்டிலுக்குள் இறங்கியிருக்கும். பாட்டில் விடாமல் குபுகுபு என்று கொப்பளித்துக்கொண்டே இருக்கும். சிபாப் என்கிறார்கள். தண்ணீருக்குள் குழாய் எத்தனை சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறதோ, அந்த அளவு அழுத்தம் பிள்ளையின் நுரையீரலில் நின்று, அது சுருங்கிப்போகாமல் தாங்குகிறது. எங்கள் மேடையில் லோடு செல் என்று ஒரு பொருள் உண்டு, அது பழுதானால் கோயம்புத்தூரிலிருந்து ஆள் வர வேண்டும். இங்கே ஒரு பாட்டில் தண்ணீர் இவ்வளவு பெரிய வேலை பார்க்கிறது.

மூச்சு விட மறந்துபோகிற பிள்ளைகளுக்கு கஃபீன் கொடுக்கிறார்கள். நாம் குடிக்கிற காபியில் இருக்கிற அதே கஃபீன். இதைச் சொன்னதும் என் மாமியார், "அப்படின்னா நம்ம வீட்டு டிகாஷனே போதுமே மாப்பிள்ளை" என்றார். அவரை வெளியே உட்கார வைத்துவிட்டேன்.

மாமியார் கொண்டுவந்த சேனைத் தண்ணீரையும் சிஸ்டர் வாசலிலேயே வாங்கிக் கீழே கொட்டிவிட்டார். தாய்ப்பால் தவிர ஒரு சொட்டு எதுவும் கூடாது. பீய்ச்சின பாலை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, ஆரம்பத்தில் 2 மில்லி, குழாய் வழியாக. மூன்றாவது வாரத்தில் குழாயை எடுத்துவிட்டு ஒரு சிஸ்டர் கையில் எடுத்து வந்தது என்ன தெரியுமா? பாலாடை. நம் பாட்டிகள் சங்கு என்று வைத்திருப்பார்களே, மூக்கு நீண்டது, அதேதான். வெந்நீரில் கொதிக்க வைத்த எவர்சில்வர் பாலாடை. மாமியார் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "இதுக்குத்தான் இவ்வளவு படிச்சாங்களா!" காம்புப் பாட்டிலை விட இது நல்லது, கழுவ எளிது, கிருமி தங்க இடுக்கு இல்லை என்று டாக்டரம்மா விளக்கினார். வீட்டில் பரண் மேல் கிடந்த பித்தளைச் சங்கை எடுத்து வரட்டுமா என்று மாமியார் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை.

எடையைப் பற்றி நான் பேசாமல் இருக்க முடியாது. வார்டில் இருந்த தராசு 5 கிராம் படியில் காட்டுவது. தினமும் காலை ஒரே நேரத்தில் போடுகிறார்கள், துணியை வைத்து முதலில் ஜீரோ செய்துவிட்டு. முறையான வேலை. முதல் வாரம் எடை இறங்கி 1,240-க்கு வந்தது. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. குறைமாதப் பிள்ளைக்கு அது வழக்கம்தான், பிறந்த எடைக்குத் திரும்ப இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். 13-வது நாள் மறுபடி 1,340. அதற்குப் பிறகு ஒரு நாள் காலை சீட்டில் ஒரே ராத்திரியில் 65 கிராம் ஏறியிருந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். எனக்குச் சந்தேகம். தொழில் புத்தி. "சிஸ்டர், தப்பா நினைச்சுக்காதீங்க, மறுபடி ஒரு தடவை போடுங்க" என்றேன். முறைத்தார். போட்டார். கையில் ஊசிக்காகக் கட்டியிருந்த அட்டையோடு சேர்த்து நிறுத்திருந்தார்கள். நிஜமாக ஏறியது 20. மருந்து அளவு எடையை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை. அன்று முதல் அந்த சிஸ்டர் என்னைப் பார்த்தாலே, "ண்ணா, காலி வண்டி எடை கழிச்சாச்சு" என்பார்.

சரி, நாற்காலிக்கு வருகிறேன்.

ஐந்தாம் நாள், சிபாப் எடுத்ததும், கே.எம்.சி. ஆரம்பியுங்கள் என்றார்கள். கங்காரு பராமரிப்பு. பிள்ளைக்கு ஒரு தொப்பி, ஒரு நாப்கின் மட்டும் போட்டு, தாயின் மார்பில் தோலோடு தோல் படும்படி தவளை மாதிரி படுக்க வைத்து, மேலே துணியால் கட்டிவிடுவது. தலை ஒரு பக்கம் திரும்பியிருக்க வேண்டும், கழுத்து மடங்கக் கூடாது. கொலம்பியா நாட்டின் பொகோட்டாவில் 1978-ல் எட்கர் ரே சனாப்ரியா என்ற டாக்டர், பெட்டி பற்றாமல் ஒரே பெட்டியில் இரண்டு மூன்று பிள்ளைகளைப் போட வேண்டியிருந்த நிலையில் ஆரம்பித்தது. இல்லாமையில் பிறந்த வைத்தியம் என்பதால் ரொம்ப நாள், மெஷின் வாங்க முடியாதவர்களுக்கு இது என்றுதான் நினைத்திருக்கிறார்கள்.

அந்த நினைப்பைத் திருப்பிப் போட்டது 2021-ல் வந்த உலக சுகாதார நிறுவன ஆய்வு. கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா, இந்தியா ஐந்து நாடுகள். நம் நாட்டில் டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை. 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த 3,211 பிள்ளைகள். என் மகளும் அந்த எடைக்குள்தான். பிள்ளை நிலைப்பட்ட பிறகு கே.எம்.சி. என்பது பழைய வழக்கம். பிறந்த உடனேயே, தீவிர சிகிச்சையில் இருக்கும்போதே ஆரம்பித்தால் என்ன என்று பார்த்தார்கள். பழைய முறையில் முதல் 28 நாளில் இறந்தவர்கள் 100-க்கு 15.7. புது முறையில் 12. நூறில் கிட்டத்தட்ட நான்கு உயிர். இதற்கு மேல் பாதிப் பிள்ளைகளுக்கு இதைக் கொடுக்காமல் வைத்திருப்பது நியாயமில்லை என்று ஆய்வையே பாதியில் நிறுத்திவிட்டார்கள். 2022-ல் உலக சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டுதலை மாற்றி, பிறந்த உடனே, ஒரு நாளைக்கு 8 முதல் 24 மணி நேரம் என்று எழுதியது.

அந்த ஆய்வில் பிள்ளைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த நாட்களில், மார்பிலேயே கிடந்தது ஒரு நாளைக்குச் சுமார் 17 மணி நேரம். எப்படி முடிந்தது? தாயின் கட்டிலைத் தூக்கி வார்டுக்குள்ளேயே போட்டுவிட்டார்கள். தாயும் சேயும் ஒரே அறை. தாய்க்கு வைத்தியமும் அங்கேயே.

நம் இடத்தில் கோமதி மூன்றாவது மாடி. பிள்ளை கீழ்த்தளம். நடுவில் லிஃப்ட், அதற்கொரு வரிசை. வயிற்றில் தையலோடு இறங்கி வந்தால் உட்காருவதற்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நீலக் கலர், வலது கைப்பிடி உடைந்து, உட்காருமிடத்தில் ஒரு விரிசல். எழுந்திருக்கும்போது விரிசல் மூடி நைட்டியைக் கடித்துப் பிடித்துக்கொள்ளும். முதுகு சாய்க்க முடியாது, சாய்ந்தால் பின்னங்கால் வளைகிறது. ஒரு மணி நேரத்தில் கோமதிக்கு இடுப்பு போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம். லட்சக்கணக்கில் மெஷின் வாங்கின வார்டு, அதில் உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட வைத்தியம் ஒரு நாற்காலியில் சிக்கி நிற்கிறது. என் விமர்சனத்தில் மார்க் குறைவது இந்த ஒரு இடத்தில்தான், ஆனால் நிறையவே குறைகிறது.

பெரிய சிஸ்டரிடம் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தம்பி, நீ என்ன பண்ற? சட்டையைக் கழட்டு" என்றார். அப்பாவும் வைக்கலாமாம், பாட்டியும் வைக்கலாமாம். பெற்றவர்களை வெளியே நிறுத்தாமல் உள்ளே சேர்த்துப் பழக்குங்கள் என்று 2017-லேயே மத்திய அரசு வழிகாட்டுதல் போட்டிருக்கிறது. குளித்துவிட்டு வந்து, முழங்கை வரைக்கும் கழுவி நின்றேன். முன்கையில் மாங்காய்ப் பால் பட்டுக் கொப்பளித்த புண் இருந்தது. லோடு இறக்க ஆள் குறைந்தால் நானும் கை கொடுப்பேன். சிஸ்டர் அதைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். டாக்டர் பார்த்து, அது காய்ந்து உரிந்த பிறகு, நான்கு நாள் கழித்துத்தான் பிள்ளையைக் கொடுத்தார்கள். அந்தக் கண்டிப்புக்குத் தனியாக ஒரு மார்க்.

நெஞ்சில் வைத்தபோது கனமே தெரியவில்லை. சூடுதான் தெரிந்தது. ஆக்ஸிஜன் அளவு காட்டுகிற மானிட்டர் அதுவரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் கத்திக்கொண்டிருந்தது, அரை மணியில் அடங்கிவிட்டது. ஆக்ஸிஜன் வைத்திருக்கும் பிள்ளைக்கு அளவு 95-க்கு மேல் போனாலும் அது கத்தும். அதிகம் போனால் கண்ணின் ரத்தக்குழாய் கெடும் என்பதால். 28-வது நாள் கண் டாக்டர் வந்து சொட்டு விட்டுப் பார்த்தார். 2 கிலோவுக்குக் கீழே பிறந்த பிள்ளை வைத்திருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், 30 நாளுக்குள் அந்தக் கண் பரிசோதனை நடந்துவிட்டதா என்று கேட்டுவிடுங்கள். வீட்டுக்கு அனுப்பிவிட்டாலும் கேளுங்கள். விட்டால் பார்வையே போகலாம்.

மற்றபடி, கழிப்பறை பற்றி எழுத வேண்டாம் என்று கோமதி சொல்லிவிட்டாள். வெளி கேட்டில் டீக்குக் கேட்பார்கள், கொடுக்கவில்லை என்றாலும் விடுவார்கள். மருந்து, ஸ்கேன், ரத்தம், தாய்க்குச் சாப்பாடு எதற்கும் ஒரு ரூபாய் வாங்கவில்லை. டிஸ்சார்ஜ் அன்று 1,750 கிராம். வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டதும் அரசு வண்டிதான்.

ஆடி முடிந்ததும், தாத்தாவின் ஈசிச்சேரை எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனேன். தேக்கு, நன்றாகச் சாயும். பெரிய சிஸ்டர் துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதைத் துடைக்க முடியாதே, கிருமி தங்கும்" என்றார். திருப்பி எடுத்து வந்து, லாரிக்கு சீட் தைக்கிற கடையில் கொடுத்து, கெட்டி ரெக்சின் போட்டுத் தைத்து, இரண்டு கைப்பிடிக்கும் பஞ்சு வைத்து மறுபடி கொண்டுபோனேன். கூலி 900. ஆபீசில் ஒரு கடிதம் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தேன். பதிலே இல்லை.

போன வாரம் பிள்ளையைக் காட்டப் போனபோது எட்டிப் பார்த்தேன். அரூர் பக்கத்துப் பெண் ஒருத்தி அதில் சாய்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள், நெஞ்சில் ஒரு சின்னத் தொப்பி மட்டும் தெரிந்தது. நாற்காலியின் முதுகில் வெள்ளைப் பெயிண்டில் வார்டு நம்பர் எழுதி, ஒரு காலைக் கட்டிலோடு சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள்.