ஆட்டோகேட் டைமென்ஷன் ஸ்டைல் ரிவ்யூ: ராம்நாடு பக்கம் ப்ளான் வரையுறவங்களுக்காக

ஆட்டோகேட் பத்தி ரிவ்யூ போடுறவங்க எல்லாரும் 3டி, ரெண்டரிங், ஏஐ அது இதுன்னுதான் போடுறாங்க. ராமநாதபுரம், கீழக்கரை, ராமேஸ்வரம் பக்கம் வீடும் லாட்ஜும் வரைஞ்சு பொழைக்கிறவனுக்கு நாள் முழுக்க கை கிடக்குறது டைமென்ஷன்லதான். அதனால இந்த ரிவ்யூ டைமென்ஷன் ஸ்டைல் மேனேஜர், அதாவது ப்ளான்ல போடுற அளவோட எழுத்து, அம்பு, யூனிட்ட எல்லாம் முடிவு பண்ற பெட்டி, அது ஒண்ணப் பத்தி மட்டும்தான், அதுவும் ஒரு வேலைக்கு ப்ளான், எலிவேஷன், செக்ஷன், காலம் (தூண்) லேஅவுட்னு ஃபைல் ஃபைலா குவியுறப்ப எல்லாத்துலயும் அளவு ஒரே மாதிரி நிக்குமாங்குறது மட்டும்தான் கேள்வி.

தீர்ப்ப மொதல்லயே சொல்லிர்றேன். செட்டிங்னு பாத்தா வேணுங்குறதெல்லாம் இருக்கு, கொறை சொல்ல எடமில்ல. ஆனா அந்த செட்டிங் எல்லாம் ஒவ்வொரு டிராயிங் ஃபைலுக்குள்ளயும் தனித்தனியா குடியிருக்கு. ஒரு எடத்துல மாத்துனா மத்த ஃபைல்லயும் தானா மாறிரும்னு நெனச்சு வாங்குனா ஏமாந்துருவீங்க, அப்படி ஒரு பொது கணக்குப் புத்தகம் இதுக்குள்ள கிடையாது. இது தெரிஞ்சு வேலை பாத்தா சொகம், தெரியாம பாத்தா ராத்திரி பூரா உக்காந்து ஒவ்வொரு ஃபைலா தொறந்து திருத்தணும்.

நம்ம ஊருக்கு இது ஏன் கூடுதல் தலைவலின்னா, ஒரே ப்ளானுக்கு இங்க மூணு விதமா அளவு எழுதணும். அப்ரூவலுக்கு மீட்டர், ஏன்னா 2019 ஒருங்கிணைந்த கட்டட விதியில செட்பேக்கு (கட்டடத்த சுத்தி விடுற எடம்), உயரம் எல்லாமே மீட்டர்ல இருக்கு. ஸ்ட்ரக்சுரல் பாக்குறவருக்கு மில்லிமீட்டர். சைட்ல மேஸ்திரிக்கும் கொத்தனாருக்கும் அடி இன்ச், அங்க போயி மூவாயிரத்து அம்பதுன்னா யாரும் டேப்ப நீட்ட மாட்டாங்க. கடல ஒட்டி எடம்னா இன்னொன்னும் சேந்துக்கும், உயர் அலைக் கோட்டுலேருந்து கட்டடம் எத்தன மீட்டர்னு சிஆர்இசட்டுக்கு, அதான் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிக்கு, காட்டணும்.

இந்த மூணையும் ஒரே மாடல்ல எடுக்கலாம், அங்கதான் ஆட்டோகேட்டுக்கு முழு மார்க். வரையுறத மில்லிமீட்டர்ல ஒண்ணுக்கு ஒண்ணா வரைஞ்சுட்டு, டி அடிச்சு என்டர் தட்டி மேனேஜர தொறந்து, பிரைமரி யூனிட்ஸ் டேப்ல ஸ்கேல் ஃபேக்டர 0.001 ஆக்கி ரெண்டு டெசிமல் குடுத்தா மீட்டர் ஸ்டைல் ரெடி. அதே எடத்துல யூனிட்ட ஆர்க்கிடெக்சுரல் ஆக்கி ஸ்கேல் ஃபேக்டர் 0.03937 குடுத்தா அடி இன்ச் ரெடி. ரெண்டும் ஒரே டிராயிங்குல வேணும்னா ஆல்டர்னேட் யூனிட்ஸ்னு தனி டேப்பே இருக்கு, மில்லிமீட்டர் மேலயும் அடி இன்ச் அதுக்குக் கீழ சதுர அடைப்புலயும் வந்து நிக்கும்.

ஆனா ப்ரெசிஷன்னு, அளவ எத்தன நுணுக்கத்துக்கு முழுசாக்கி எழுதணும்னு சொல்ற ஒரு பெட்டி இருக்கு பாருங்க, அத யாரும் கண்டுக்கறதே இல்ல. வேற ஒரு ஆபீஸ்ல வரைஞ்சு வந்த ப்ளான் ஒண்ணு, சைட்ல மேஸ்திரி கையில வச்சுக்கிட்டு கேக்குறாரு, "தம்பி, அஞ்சு இன்ச்சு, பத்தடி, அஞ்சு இன்ச்சு, கூட்டுனா பத்தடி பத்து இன்ச்சுல வருது, வெளிய மொத்த அளவு பத்தடி ஒம்பதுன்னு கிடக்கு, நான் எத வச்சு நூல் கட்டுறது?" அவர் கேட்டது நூத்துக்கு நூறு சரி. அங்க நாலரை இன்ச் சுவர் 115 மில்லிமீட்டர்னு வரைஞ்சிருந்துச்சு, ரூம் 3050. ப்ரெசிஷன் முழு இன்ச்ல இருந்ததால 4.53 இன்ச்ச அது அஞ்சுன்னு எழுதிருச்சு, ரெண்டு பக்கமும் அப்படி எழுதுனா ஒரு இன்ச்சு எங்கேருந்தோ மொளைக்கும், மொத்தம் 3280க்கு மட்டும் அது பத்தடி ஒம்பதுன்னு சரியா எழுதிருக்கு. சரி, நுணுக்கமா இருக்கட்டும்னு பதினாறுல ஒண்ணு வச்சா இன்னொரு கூத்து, 230 சுவர ஒம்பது இன்ச்சும் மேல ஒண்ணு பை பதினாறுமா எழுதி வைக்கும், அத படிச்சு எந்த கொத்தனார் செங்கல் வைப்பாரு. நம்ம சுவர் கணக்குக்கு அரை இன்ச்தான் பொருத்தம், அரையில வச்சா 115 நாலரைன்னு வரும், 230 ஒம்பதுன்னு வரும், கூட்டுனாலும் மொத்தத்தோட ஒட்டும்.

அடுத்தது பேர் விவகாரம், ஃபைலுக்கு ஃபைல் அளவு மாறிப் போறதுல பாதி இதாலதான். மெட்ரிக் டெம்ப்ளேட்ல புது டிராயிங் தொறந்தா ஐஎஸ்ஓ-25ன்னு ஒரு ஸ்டைல் கூடவே வரும், எழுத்து 2.5, அம்பு 2.5. ஊர்ல எல்லாரும் அதையே தொறந்து அவங்கவங்க இஷ்டத்துக்கு மாத்தி அதே பேர்லயே சேவ் பண்ணி வச்சிருப்பாங்க. இப்ப ஸ்ட்ரக்சுரல்காரர் அனுப்புன காலம் லேஅவுட்ட காப்பி பண்ணி நம்ம ஃபைல்ல பேஸ்ட் பண்ணுங்க, ரெண்டுலயும் ஐஎஸ்ஓ-25 இருக்கா, போன வீட்டு சாப்பாட்டத்தான் சாப்பிடணும்ங்குற மாதிரி அவர் போட்ட அளவெல்லாம் நம்ம செட்டிங்குக்கு மாறிரும். நம்ம ஸ்டைல் மீட்டர்ல இருந்தா அவர் மில்லிமீட்டர்ல போட்டதெல்லாம் மீட்டரா நிக்கும். எச்சரிக்கை எதுவும் வராது. டிசைன் சென்டர்லயும், கண்ட்ரோல் 2 அழுத்துனா வருமே அதுதான், அதே கதை, ஒரு ஃபைல்லேருந்து இன்னொண்ணுக்கு ஸ்டைல இழுத்துப் போடலாம், ரொம்ப நல்ல வசதி, ஆனா அங்க அதே பேர்ல ஒண்ணு ஏற்கனவே இருந்தா புதுச கண்டுக்காம விட்டுரும்.

அதனால ஐஎஸ்ஓ-25 பக்கமே போகாதீங்க. ஆபீஸ் பேர், யூனிட்டு, வருஷம் மூணையும் சேத்து சொந்தமா பேர் வைங்க. அடுத்த வருஷம் செட்டிங் மாறுனா பேர்ல வருஷமும் மாறணும், அப்பத்தான் இழுத்துப் போட்டா உள்ள எறங்கும், அப்பறம் பழைய ஸ்டைல்ல இருக்குற அளவெல்லாத்தயும் செலக்ட் பண்ணி புதுசுக்கு மாத்திட்டு பர்ஜ் அடிச்சா பழசு தொலைஞ்சுரும். ரெண்டு ஸ்டைலுக்கும் என்னதான் வித்தியாசம்னு தெரியலன்னா மேனேஜர்லயே கம்பேர்னு ஒரு பட்டன் இருக்கு, எது எது மாறிருக்குன்னு வரிசையா காட்டும், இத்தன வருஷமா ஆட்டோகேட் ஓட்டுறவங்ககூட அத அமுக்கிப் பாத்திருக்க மாட்டாங்க. எல்லாத்தயும் ஒரு டெம்ப்ளேட்ல போட்டு, ஆப்ஷன்ஸ்ல, புது டிராயிங் தொறக்குற க்யூநியூவுக்கு அந்த ஃபைலையே காட்டி வச்சுட்டா புது வேலை எல்லாம் அதுலேருந்தே பொறக்கும்.

எக்ஸ்ரெஃப் போட்டு, அதாவது வெளி ஃபைல காப்பி பண்ணாம இணைச்சு மட்டும் வச்சு, வேலை பாக்குறவங்களுக்கு தொல்லை கம்மி, ஏன்னா வெளி ஃபைலோட ஸ்டைல் அந்த ஃபைல் பேரோட ஒட்டிக்கிட்டு தனியா நிக்கும், நம்மளோடத தொடாது. கடைசியில அத பைண்ட் பண்றப்ப, அதான் நம்ம ஃபைலுக்குள்ளயே சேக்குறப்ப மட்டும் கவனம் வேணும். பைண்ட்னு குடுத்தா பேருக்கு நடுவுல டாலர், சைபர், டாலர்னு அசிங்கமா வரும் ஆனா அளவு பத்திரமா இருக்கும், இன்செர்ட்னு குடுத்தா பேர் அழகா இருக்கும், மறுபடி நம்ம ஸ்டைல் அவங்களோடத விழுங்கிரும். எனக்கு அசிங்கமே பரவால்ல.

அனோடேட்டிவ், அதாவது ஸ்கேலுக்கு ஏத்த மாதிரி அளவு எழுத்து தானா பெருசு சின்னதாகுற வசதி, அதப் பத்தி கேப்பீங்க. 2008 வெர்ஷன்ல வந்தது, இன்னும் பாதிப் பேர் பயந்துக்கிட்டு, எழுத்து அம்பு எல்லாத்தயும் ஒரே நம்பரால பெருக்குற ஓவரால் ஸ்கேல்லயே ஓட்டுறாங்க. வெறும் வீடு வரையுறவங்களுக்கு, ப்ளான் 1:100, டீட்டெயில் 1:20ன்னு ரெண்டே ஸ்கேல்னா பழைய வழியே போதும், ரெண்டு ஸ்டைல் வச்சுக்கிட்டா முடிஞ்சுது. ஆனா கடல் பக்கம் ரிசார்ட்டு, ஹோட்டல்னு எடுத்தீங்கன்னா அனோடேட்டிவ் இல்லாம முடியாது. சிஆர்இசட் மேப் 1:4000ல வரும், பேப்பர்ல 2.5 மில்லிமீட்டர் எழுத்து தெரியணும்னா மாடல்ல அந்த எழுத்து பத்து மீட்டர் உயரம் இருக்கணும், அதே எழுத்து 1:100ல கால் மீட்டர்தான். ஒவ்வொரு ஸ்கேலுக்கும் ஒரு ஸ்டைல்னு பெருக்கிக்கிட்டே போறதுக்கு பதிலா ஒரே அனோடேட்டிவ் ஸ்டைல்ல, ஷீட்ல இருக்குற வியூபோர்ட் ஜன்னலோட ஸ்கேல பாத்து அதுவே சரி பண்ணிக்கும். ஸ்கேல் மாத்துறப்ப எல்லா அளவுக்கும் அந்த ஸ்கேல தானா சேத்துவிடுற பட்டன் கீழ ஸ்டேட்டஸ் பார்ல இருக்கும், அத ஆஃப் பண்ணியே வைங்க, இல்லன்னா 1:20 டீட்டெயில்ல போட்ட குட்டிக்குட்டி அளவெல்லாம் 1:4000லயும் வந்து மொய்க்கும்.

இன்னொரு சில்லறை விஷயம், ஆனா பல பேர முழிக்க வைக்கிற விஷயம். டைமென்ஷன் ஸ்டைல்ல எழுத்து உயரத்த மாத்திக்கிட்டே இருப்பீங்க, ஒண்ணும் மாறாது. அது உள்ள கூப்பிடுற டெக்ஸ்ட் ஸ்டைல்ல உயரம் சைபரா இருக்கணும், அங்க ஏதாவது நம்பர் இருந்தா அதுதான் செல்லும்.

கையால டைப் அடிச்ச அளவப் பத்தி சொல்லாம விட முடியாது. நேரமில்லன்னு கோட்ட இழுக்காம அளவ மட்டும் டபுள் கிளிக் பண்ணி பத்தடின்னு டைப் அடிச்சுட்டுப் போற பழக்கம் நம்ம பக்கம் ரொம்ப. அப்படி அடிச்ச எடத்துல ஸ்டைல எத்தன தடவ மாத்துனாலும் அந்த எழுத்து அசையாது, மீட்டர் ப்ளான்லயும் பத்தடின்னே உக்காந்திருக்கும், பிரிண்ட்ல பாத்தா எது நெஜம் எது டைப் அடிச்சதுன்னு கண்டுபிடிக்கவும் முடியாது. துபாய்லேருந்து வீட்டுக்கார காக்கா (அண்ணன்) வாட்ஸ்அப்ல பிடிஎஃப் பாத்துட்டு "ரூம் அளவு ரெண்டு ப்ளான்லயும் வேற வேறயா இருக்கே தம்பி"ன்னு போன் போடுறது பெரும்பாலும் இந்த வேலையாலதான். ப்ராப்பர்ட்டீஸ்ல டெக்ஸ்ட் ஓவர்ரைடுன்னு ஒரு வரி இருக்கு, அங்க எழுத்து இருந்தா காலி பண்ணுங்க, நெஜ அளவு வந்துரும்.

விலைன்னு பாத்தா இப்ப சந்தாதான், ஒரே தடவையில வாங்கி வச்சுக்குற லைசன்ஸ் கிடையாது. வெறும் 2டி வீட்டு ப்ளானுக்கு அவ்வளவு குடுக்கணுமான்னு யோசிச்சா ஸிடபிள்யூகேட், பிரிக்ஸ்கேட் மாதிரி ஆட்டோகேட்டோட டிடபிள்யூஜி ஃபைலயே தொறக்குறது இருக்கு, அங்க ஒரே தடவ காசு கட்டுற லைசன்ஸும் உண்டு, மேல சொன்ன ஸ்டைல் எல்லாம் அதுலயும் போகும். ஆனா ரெண்டு மூணு பேர் சேந்து ஒரே வேலைய வரையுற ஆபீஸா இருந்தா ஆட்டோகேட்ல ஸ்டாண்டர்ட்ஸ் செக்னு ஒண்ணு இருக்கு, நம்ம டெம்ப்ளேட்ட டிடபிள்யூஎஸ்ங்குற ஸ்டாண்டர்ட்ஸ் ஃபைலா சேவ் பண்ணி டிராயிங்கோட கோத்துவிட்டா எந்த டைமென்ஷன் ஸ்டைல் நம்மளோடதுலேருந்து மாறி நிக்குதுன்னு ஒவ்வொண்ணா காட்டி சரி பண்ணட்டுமான்னு கேக்கும். இந்த ஒண்ணுக்காகவே முழு வெர்ஷனுக்குக் காசு குடுக்கலாம். கொறைஞ்ச விலையில கெடைக்குற எல்டி வெர்ஷன்ல அது இல்ல, கடைக்காரர் ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்லுவாரு, கேட்டு வாங்குங்க.