டவர் பக்கத்து வீடா, தண்ணீர் புகுந்த தெருவா?

சென்னையில் இரண்டு வீடு பார்க்கிறீர்கள் என்று வையுங்கள். ஒன்றில் ஜன்னலைத் திறந்தால் எதிர் மாடியில் செல்போன் டவர். இன்னொன்று முடிச்சூர் பக்கம், 2015 டிசம்பர் வெள்ளம் புகுந்த தெரு.

டவரைப் பார்த்ததுமே பேரம் தொடங்கிவிடும். கதிர்வீச்சு வரம்பை 2012-லேயே இந்தியா சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டது என்று சொன்னாலும் எடுபடாது. பயம் கண்ணெதிரே நிற்கிறதே!

வெள்ளம் அப்படியில்லை. சித்திரை வெயிலில் போனால் தெரு காய்ந்து கிடக்கும், சுவரில் புது பெயின்ட். விற்பவரும் விலையை விடமாட்டார். பிளக் பாயின்ட் எல்லாம் இடுப்புக்கு மேலே ஏறியிருந்தால் மட்டும், தண்ணீர் எதுவரை வந்தது என்று கொஞ்சம் விசாரியுங்கள்.

என் ஓட்டு டவர் வீட்டுக்குத்தான், அதுவும் குறைத்துக் கேட்டு. திரும்ப விற்கும்போது நானும் குறைத்துத்தான் கொடுக்க வேண்டியிருக்கும், சரி.