வெள்ளவத்தையில் ஒரு வாடகை ரூம்: பலகைக்கு இந்தப் பக்கமிருந்து

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரையோர மரைன் டிரைவுக்கு இறங்கும் லேன் ஒன்றில் இருக்கிறது இந்த இடம். விளம்பரத்தில் 'ரூம், அட்டாச் பாத்ரூம், சைவம்' என்று போட்டிருந்தார்கள். வாடகை 28,000, ஆறு மாத அட்வான்ஸ், புரோக்கருக்குத் தனியாக ஒரு மாத வாடகை.

ரூம் என்றது பழைய வீட்டு ஹாலைப் பலகை அடித்து மூன்றாக்கியதில் நடுத்துண்டு. பலகை கூரை வரை போகவில்லை. பக்கத்துத் தம்பி விடிய அலாரம் வைப்பார். எழும்புவது நான், அவர் நித்திரை. இருக்கிற ஒரே யன்னல் வீட்டுக்காரரின் சாப்பாட்டறைக்குத் திறக்கிறது. சைவ வீடானபடியால் பொரித்த மீன் வாசம் இல்லை, அந்தளவில் சரி. பாத்ரூம் ஒட்டித்தான் இருக்கிறது, பொய் சொல்லவில்லை. ஆனால் கதவு நடைபாதைப் பக்கம், மூன்று பேருக்கும் அது ஒன்றுதான்.

பெரிய குறை கரண்ட் கணக்கு. வீட்டுக்கு ஒரே மீட்டர். பாவனை கூடக் கூட யூனிட் விலையும் ஏறும் என்பது எல்லாருக்கும் தெரியும். நாங்கள் மூன்று பேர், வீட்டுக்காரருடைய ஏசி, எல்லாம் சேர்ந்தால் பில் மேல்படிக்குப் போய்விடும். வீட்டுக்கார ஐயா எங்களுக்குச் சின்ன மீட்டர் வைத்து, முதல் யூனிட்டிலிருந்தே அந்த மேல்படி விலையைப் போடுகிறார். கேட்டால், "ஃபேன் ஒன்றுக்கு எவ்வளவு தம்பி வரப்போகுது?" என்கிறார்.

தண்ணீர் ஒருநாளும் நின்றதில்லை. வீட்டுக்கார அன்ரி நல்ல மனுசி, பிந்தி வந்தாலும் கேற் திறந்து விடுவா. காலி வீதிக்கு ஏறினால் 100, 101 பஸ். கொழும்புக் கோட்டைப் பக்கம் வேலை என்றால் காலையில் ரயில்தான் நல்லது, ஸ்டேஷன் நடைதூரம். இரவில் இடியப்பம், சம்பல் வாங்க அலைய வேண்டாம். உப்புக் காற்றில் இரும்பு நிற்காது, அலுமாரி கொண்டுவருவதென்றால் மரத்தில் கொண்டுவாருங்கள்.

படுக்க மட்டும் வருகிறவருக்கு இது போதும். சோதனைக்குப் படிக்கிற பிள்ளைக்கு வேண்டாம். பார்க்கப் போவதென்றால் இரவு எட்டு மணிக்குப் பிறகு, மற்றவர்களும் வந்த நேரமாகப் போங்கள். யூனிட்டுக்கு எவ்வளவு என்பதை அட்வான்ஸ் கொடுக்க முதலே எழுத்தில் வாங்குங்கள்.