முதலில் பெருக்குவதா, முதலில் சுருக்குவதா?

மஞ்சக்குப்பத்தில் மாலையில் என் வீட்டுத் திண்ணைக்குக் கணக்குப் படிக்க வரும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள், இரண்டு வர்க்கமூலங்களைப் பெருக்கும் கணக்கு வந்தால் வாராவாரம் கேட்பது இதைத்தான். சுருக்குவது என்றால் √ குறிக்குள் ஒளிந்திருக்கும் வர்க்கங்களை வெளியே எடுப்பது.

√(12அ³) × √(6அ⁵) என்று வந்தால் கண்ணை மூடிக்கொண்டு முதலில் பெருக்குங்கள். √(72அ⁸), அதாவது 6அ⁴√2, இரண்டே வரி. இதையே முதலில் சுருக்கினால் 2அ√(3அ) × அ²√(6அ) என்று ஆகி, பெருக்கியதும் 2அ³√(18அ²) வந்து நிற்கும், அதை மறுபடியும் சுருக்க வேண்டும், பாதிப் பிள்ளைகள் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள். இரண்டு ஒற்றைப்படை அடுக்குகள் கூடினால் இரட்டைப்படை ஆகி, அ முழுதாக √ குறிக்கு வெளியே வந்துவிடும் என்பதுதான் இங்கே பெரிய வசதி.

சரி, √(98அ) × √(75அ⁴)? இங்கே பெருக்கினால் 7350. அதில் 1225 என்ற வர்க்க எண் ஒளிந்திருப்பது யார் கண்ணுக்குத் தெரியும்? முதலில் சுருக்கினால் 7√(2அ) × 5அ²√3, விடை 35அ²√(6அ). எண் பெரிதாக இருந்தால் என் ஓட்டு எப்போதும் இதற்குத்தான், நேரம் மட்டுமல்ல, தப்பும் குறைகிறது.

அப்புறம் ஒன்று, இரண்டு வழிக்குமே அ குறை எண்ணாக இருக்கக் கூடாது. √(அ²) என்பது அ என்று எழுதிப் பழகிவிட்டோம், ஆனால் அ = −3 என்றால் √9 = 3தானே, −3 இல்லையே. அதனால் கணக்கின் மேலேயே அ ≥ 0 என்று எழுதச் சொல்கிறேன்.